எதிரியின் சுவரை அறுக்கும் நொதி



ஒரு சோதனைக் குழாயில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா கோடிக்கணக்கில் மிதக்கிறது. திரவம் வெள்ளையாகக் கலங்கி இருக்கிறது. அதில் லைசோஸ்டாஃபின் என்னும் நொதியைத் துளியளவு விடுகிறோம். சில நிமிடங்களில் கலங்கல் குறைந்து திரவம் தெளிகிறது. குழாயைச் சாய்த்தால் கொழகொழவென்று இழுபடுகிறது. உடைந்த பாக்டீரியாக்களிலிருந்து வெளியே கொட்டிய டி.என்.ஏ. அது.

ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் இந்த பாக்டீரியா தொந்தரவு தராமல் குடியிருக்கிறது. ஆனால் தோலில் ஒரு கீறல் கிடைத்தால் சீழ்க்கட்டி ஆகிறது. அறுவை சிகிச்சை செய்த இடத்தில் நுழைந்தால் புண் ஆறாது. ரத்தத்தில் கலந்தால் இதய வால்வையே அரித்துவிடும்.

இதைக் கரைக்கும் அந்த நொதியைச் சுரப்பது யார்? இன்னொரு பாக்டீரியா! அதே பேரினத்தைச் சேர்ந்த, ஸ்டெஃபைலோகாக்கஸ் சிமுலன்ஸ் என்னும் நெருங்கிய உறவு. ஷிண்ட்லர், ஷூஹார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் இந்த நொதியை உலகுக்கு அறிவித்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவின் செல் சுவரில் சர்க்கரைச் சங்கிலிகள் நீளவாட்டில் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டுபவை அமினோ அமிலங்களால் ஆன இணைப்புகள். ஆரியஸின் குறுக்கு இணைப்பில் கிளைசின் என்னும் அமினோ அமிலம் ஐந்து முறை வரிசையாக வரும். லைசோஸ்டாஃபினின் ஒரு பகுதி சுவரைப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு பகுதி, துத்தநாக அணுவின் துணையோடு, அந்தக் கிளைசின் இணைப்பை வெட்டுகிறது. செல்லுக்குள் அழுத்தம் மிக அதிகம். குறுக்குக் கட்டு அறுந்ததும் சுவர் தாங்காமல் செல் வெடித்துவிடுகிறது.

நம் கண்ணீரிலும் சுவரை வெட்டும் நொதி உண்டு. லைசோசைம் என்று பெயர். அதை 1922-இல் அறிவித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். அது வெட்டுவது சர்க்கரைச் சங்கிலியை. ஆரியஸ் தன் சர்க்கரையில் சிறு வேதிமாற்றம் செய்துகொண்டு அதனிடமிருந்து தப்பிவிடுகிறது. பெனிசிலினோ புதிய சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. வளராமல் சும்மா கிடக்கும் பாக்டீரியாவை அதனால் அதிகம் அசைக்க முடியாது. லைசோஸ்டாஃபின் கட்டி முடித்த சுவரையே வெட்டுவதால், உறங்கும் பாக்டீரியாவும் தப்புவதில்லை.

அப்படியானால் சுரக்கும் பாக்டீரியா தன் கத்தியால் தானே சாகாதா? சாகாது. அது தன் சுவரில் சில கிளைசின்களுக்குப் பதில் செரின் என்னும் வேறொரு அமினோ அமிலத்தை வைத்துக் கட்டிக்கொள்கிறது. நொதியால் அந்த இடத்தில் வெட்ட முடியாது. ஆயுதத்துக்கான மரபணுவும் காப்புக்கான மரபணுவும் பிளாஸ்மிட் என்னும் ஒரே சிறு டி.என்.ஏ. வளையத்தில் அருகருகே இருக்கின்றன.

இவ்வளவு அருமையான நொதி ஏன் மருந்துக்கடைக்கு வரவில்லை? இது ஒரு புரதம். விழுங்கினால் செரித்துப்போகும், ஊசியில் ஏற்றினால் உடல் இதற்கெதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கும். அதே காலத்தில் மெத்திசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள் சுலபமாகக் கிடைத்தன. ஆனால் 1961-லேயே மெத்திசிலினுக்கு அடங்காத ஆரியஸ் இங்கிலாந்தில் தலைகாட்டிவிட்டது. அது மருத்துவமனைகளில் பரவிய பிறகுதான் ஆய்வாளர்கள் இந்தப் பழைய நொதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அமெரிக்க விஞ்ஞானிகள் 2005-இல், பாலிலேயே லைசோஸ்டாஃபின் சுரக்கும்படி மரபணு மாற்றிய பசுக்களை அறிவித்தார்கள். மாடு வளர்ப்பவர்களுக்கு மடிவீக்கம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது தெரியும். ஒரு மில்லிலிட்டர் பாலில் 3 மைக்ரோகிராம் நொதி இருந்தாலே ஆரியஸால் வரும் மடிவீக்கத்தைத் தடுக்க முடியும் என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த நொதியையும் ஆரியஸ் ஏமாற்றக்கூடும். ஐந்து கிளைசினை ஒன்றாகக் குறைத்துக்கொண்டால் கத்திக்குத் தப்பலாம். ஆனால் அப்படிக் குறைத்தால் சுவர் பலவீனமாகி, பெனிசிலின் வகை மருந்துகள் மறுபடி அதைக் கொல்லத் தொடங்குகின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தப்பும் வழி குறுகுகிறது. ஆய்வகங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

நாம் இன்று விழுங்கும் பல ஆன்டிபயாடிக்குகள், நோய்க்கிருமியோடு குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. ஒரே எதிரியைத் தேடித் தாக்கும் மருந்துகள் நமக்கு வேண்டும். அந்த மாதிரி மருந்துக்கு, கிளைசின் இணைப்பை மட்டும் வெட்டும் லைசோஸ்டாஃபின் ஒரு முன்மாதிரி. அது கைக்கு வரும்வரை இருக்கும் மருந்துகளைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.