மழைக்காலத்தில் விழிகளைக் காட்டுங்கள்



மரக்காணத்து உப்பளத்தில் கோடை நடுப்பகலில் நின்றவர் எவரும், அங்கே வெயிலானது வானத்திலிருந்து இறங்குவதோடு நில்லாமல், வெண்ணிறப் பாத்திகளிலிருந்தும் எழுந்து கண்ணைத் தாக்குவதை அறிவர். ஆகையால் இப்பக்கத்தில் ஒருவருக்குப் பார்வை மங்கினால், உப்பு வெளிச்சம் பட்டுப் பட்டுக் கண் கெட்டுப்போயிற்று என்று சொல்லிச் சமாதானம் அடைந்துவிடுகிறோம். சர்க்கரை வியாதி உள்ளவர் விஷயத்தில் அந்தச் சமாதானம் மிகவும் அபாயகரமானது.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து ஆண்டுக்கணக்கில் நீடிக்குமானால், விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமுற்றுக் கசியும், சில அடைபடும், அவற்றுக்கு ஈடாக முளைக்கும் புதுக் குழாய்களோ எளிதில் உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தத்தைக் கொட்டும். ஆரம்ப காலத்தில் இதற்கு வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வைக் குறைவுகூட இல்லை. கடலில் தொலைவில் செல்லும் படகைத் தெளிவாகக் காண்கிறவருடைய விழித்திரையிலும் இந்நோய் குடிபுகுந்திருக்கக்கூடும். லேசர் சிகிச்சையும் ஊசி மருந்தும் எஞ்சிய பார்வையைக் காக்க வல்லவை. இழந்ததை மீட்டுத் தருவது அரிது. கண் நன்றாகத் தெரியும்போதே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டுமென்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசாங்கத் திட்டம் சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வந்துவிட்டதனால் கண்ணும் காப்பாற்றப்பட்டதென்று எண்ணிவிடலாகாது; கண்ணைத் தனியே காட்ட வேண்டும், அதற்கு இடமும் அருகிலேயே உண்டு. மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்குண்டும் அறுவைக் கத்தியைக் கைவிடாத டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும் இயங்குகிறது.

இருந்தும் நம்மவர் போகாததை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். பரிசோதனைக்காகக் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் பட்டாலே கண் கூசும். அந்தக் கண்ணோடு உப்பு வாரப் போக முடியுமா? பரிசோதனை என்பது அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு.

ஆனால் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வேலையும் இல்லை, அந்தக் கொடிய வெளிச்சமும் இல்லை. அம்மாதங்களுக்கென்றே அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. அந்தக் காலத்திலேயே கண் முகாமும் நடைபெற, ஊராட்சியாரும் சுகாதார நிலையத்தாரும் இப்போதே நாள் குறிக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை பெறுவோர் பட்டியல் செவிலியரிடம் இருக்கிறது, அதிலுள்ள ஒருவரும் விடுபடலாகாது. உப்பு எடுக்கும் பருவம் தொடங்கிய பின் எவருக்கேனும் லேசர் சிகிச்சைக்கு அழைப்பு வருமாயின், அந்நாளின் கூலியைப் பிடிக்காமல் கொடுப்பதாக உப்பள உரிமையாளர்கள் இம்மேடையிலேயே வாக்களிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.