மருந்துக் கடைப் பயிற்சியும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்



நம்முடையது மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை. ஆதலால் பள்ளியை விட்டு வெளிவரும் பிள்ளை, கிடைத்த வேலையில் சேர்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அத்தகைய வேலைகளுள் ஒன்று மருந்துக் கடை வேலை. இதற்கு ஊதியத்துடன் பயிற்சி பெறும் வழி ஒன்று உண்டு. அந்த வழியையும், அது எதுவரை கொண்டு செல்லும் என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநராகச் சேர்க்கப்படுபவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கியே ஆக வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 7,000 ரூபாயும் குறைந்தபட்சத் தொகையாக வகுத்தன. சேரும்போது நடைமுறையிலுள்ள தொகையைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களில் அது விருப்பம். ஆகவே பெரிய மருத்துவமனைகளையும், பல கிளைகள் கொண்ட மருந்தகங்களையுமே நாட வேண்டும். நம் மணியாச்சி சந்திப்பிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி மூன்றுக்கும் ரயில் பாதை இருப்பது நமக்கு வாய்ப்பே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்பவர் பழகுநர் பயிற்சி தருபவர் அல்லர். ஒப்பந்தம் முறைப்படி பதிவாக வேண்டும். பிள்ளை 18 வயதுக்குட்பட்டவராயின் பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி என்று ஒப்பந்தத்தில் இல்லையேல், வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்பதையும் நினைவிற்கொள்க.

பயிற்சியில் கற்பவை பயனுள்ளவை. காலாவதித் தேதி முந்தியதை முதலில் விற்கும்படி அடுக்குவது, இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் காப்பது, தொகுதி எண்ணுடன் ரசீது எழுதுவது ஆகியவை அவற்றுள் சில. எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் குறித்து மூன்றாண்டுகள் அதனைக் காக்க வேண்டும்.

எனினும் இவ்வழிக்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையை 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே அளிக்கிறது. உதவியாளர் பத்தாண்டு அனுபவம் பெற்றாலும் மருந்தாளுநர் ஆகிவிட முடியாது. அதற்கு டி.பார்ம் படிப்பு வேண்டும்: இரண்டாண்டுப் படிப்பும், 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும். அதில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், அவற்றுடன் உயிரியலோ கணிதமோ பயின்றிருக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு இக்கதவு பதினைந்து வயதிலேயே மூடிவிடுகிறது. அது பெற்றோர் பலருக்குத் தெரிவதே இல்லை.

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களோ அவர்களின் ஒப்புதலைப் பெற்றவர்களோதாம் விண்ணப்பிக்க முடிந்தது. சான்றிதழின் மதிப்பு இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. பத்தாம் வகுப்பு முடித்தவரை உடனே வேலைக்கு அனுப்பாமல் அறிவியல் பிரிவில் சேருங்கள். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். அறிவியல் பயின்று பன்னிரண்டை முடித்தவர், வீட்டில் பணம் இல்லையெனில் ஓராண்டு பழகுநராக இருந்து, அத்தொகையைச் சேமித்து டி.பார்ம் சேரட்டும், குறையும் கட்டணத்துக்கு ஜமாஅத் கைகொடுக்கட்டும். வணிகவியல் பயின்றவர் இருப்பு, கொள்முதல், கணக்குப் பணிகளை எண்ணிப் பயிற்சியில் சேரட்டும். எல்லை அறிந்து சேர்பவருக்கு ஏமாற்றம் இல்லை.

பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடும் முன், விவரமறிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் படிவத்தில்தான் பிள்ளையின் தொழில் தீர்மானமாகிறது.