காரைக்காலின் கொம்யூன்கள்

ஓமலூர்ச் சந்திப்பிலிருந்து மேட்டூர் அணைக்கு ஓர் இருப்புப் பாதை பிரிந்து செல்வதை இப்பகுதி மாணவர்கள் நன்கு அறிவார்கள். அவ்வணையிலிருந்து திறந்து விடப்பெறும் காவிரி நீர் கல்லணையைக் கடந்து பல கிளைகளாகப் பிரிகின்றது. அவற்றுள் ஒன்றாகிய அரசலாறு காரைக்காலில் கடலோடு கலக்கின்றது. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கிய பொழுது, கடைமடையிலுள்ள இச்சிறு நிலத்தின் பொருட்டுப் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி. நீரைத் தனியே ஒதுக்கிற்று. தஞ்சைத் தரணியின் நடுவே கிடக்கும் காரைக்காலுக்குத் தனிப் பங்கு எதற்கு என்று கேட்டால், அதற்கு விடை வரலாற்றில் இருக்கின்றது. 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அந்நிலம், போர்களால் ஆங்கிலேயர் வசமான சில காலங்கள் நீங்கலாக, 1954 வரை அவர்கள் ஆட்சியிலேயே இருந்தது.

அங்கே மக்கள் பிரெஞ்சு மொழியா பேசினார்கள்? இல்லை. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு நடந்தது. வயலிலும் கடைத்தெருவிலும் திருநள்ளாற்றுக் கோயில் வாயிலிலும் தமிழே வழங்கிற்று. ஆகவே, பிரெஞ்சு ஆட்சி மொழியாய் அமைந்த ஒரு தமிழ் நாட்டுப்புறம் என்று காரைக்காலைக் கூறுவதே பொருந்தும். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அம்மாவட்டத்தில் வாழ்ந்தோர் 2,00,222 பேர். அதே கணக்கில் நம் சேலம் மாவட்ட மக்கள் 34,82,056 பேர். அதாவது சேலத்தில் பதினேழில் ஒரு பங்கே காரைக்கால். எனினும், உள்ளாட்சியின் கதையை அறிய விரும்புவோர்க்கு அவ்விரண்டு லட்சம் பேர் வாழும் நிலம் பெரிய மாவட்டங்கள் பலவற்றினும் மிகுதியாகச் சொல்லித் தரக்கூடியது.

பிரெஞ்சு நாட்டில் உள்ளாட்சியின் அடிப்படை அலகு கொம்யூன் எனப்படும். 1789-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒட்டி அது சட்ட வடிவம் பெற்றது. பாரிசு மாநகரமும் ஒரு கொம்யூன். நூறு பேர் வாழும் மலைச் சிற்றூரும் ஒரு கொம்யூன். இரண்டுக்கும் மன்றம் உண்டு, மேர் எனப்படும் தலைவர் உண்டு. அந்நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருப்பதும், அவற்றுள் பாதிக்குமேல் ஐந்நூறு பேருக்கும் குறைந்த மக்களைக் கொண்டவை என்பதும் நமக்கு வியப்பளிக்கும். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளோ ஏறத்தாழ 12,500 தான்.

இம்முறையை 1880-ஆம் ஆண்டில் ஓர் ஆணையால் இந்தியாவிலிருந்த தம் பகுதிகளுக்கும் பிரெஞ்சுக்காரர் கொணர்ந்தனர். முதலில் பத்துக் கொம்யூன்கள் ஏற்பட்டன. அவற்றுள் காரைக்கால் பகுதியில் அமைந்தவை மூன்று: காரைக்கால், நெடுங்காடு, கிராந்து ஆல்தே. இம்மூன்றாவது பெயரைக் கேட்டு மலைக்க வேண்டா. திருமலைராயன்பட்டினத்துக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரே அது. 'பெரிய சிற்றூர்' என்பது அதன் பொருள். 1907-இல் பத்து என்பது பதினேழாயிற்று. கோட்டுச்சேரியும் நிரவியும் திருநள்ளாறும் தனித்தனிக் கொம்யூன்களாகவே, காரைக்காலில் மட்டும் ஆறு.

கொம்யூன் அலுவலகத்துக்கு மெரி என்று பெயர். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்த பழைய மெரிக் கட்டடத்தை நம்மவர் 'மேரி கட்டடம்' என்றாக்கி விட்டனர். மாதாவின் பெயரால் அமைந்தது போலும் என்று கருதிச் செல்லும் வழிப்போக்கர் இன்றும் உளர்! அஃது இருக்க. மெரியின் முதன்மையான வேலை பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைப்பதாகும். நாட்டுப்புற உழவன் ஒருவன் வீட்டில் குழந்தை பிறந்தால் அதன் பெயர் பிரெஞ்சு எழுத்தில் ஏறும். மக்களை எண்ணும் பணியும் மக்கள் சார்பில் ஆளும் பணியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன என்பதே இம்முறையின் தனிச் சிறப்பு.

ஆயினும் எண்ணப்பட்டவர் அனைவரும் ஒரே அளவில் மதிக்கப்பட்டனர் என்று நினைத்துவிடலாகாது. 1884-ஆம் ஆண்டு ஆணை வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. ஐரோப்பியரும் அவர் வழிவந்தோரும் ஒரு பட்டியல். தம் சமுதாய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட இந்தியர் இரண்டாம் பட்டியல். ஏனைய இந்தியர் அனைவரும் மூன்றாம் பட்டியல். இம்மூன்றனுள் மூன்றாவதில் இருந்தவரே மக்களிற் பெரும்பாலார். முதலாவதில் இருந்தவர் மிகச் சிறு தொகையினர். எனினும் இடங்கள் ஆள் கணக்கிற்கேற்பப் பகிரப்படவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களை முழக்கிய நாடு, இங்கே மூன்று பட்டியல்களை எழுதிற்று. பட்டியல் முறை பின்னர்ப் பலமுறை மாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே ஒழிந்தது. 1946-இல் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபை தேர்ந்தெடுக்கப்பட்ட பொழுது காரைக்காலுக்குப் பன்னிரண்டு இடங்கள் கிடைத்தன.

இவ்விடத்தில் நம் ஓமலூரை நினைத்துப் பார்க்கலாம். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1866-இல் சேலத்துக்கு நகராண்மைக் கழகம் அமைந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டும் தாலுக்கா போர்டும் எழுந்தன. அங்கே ஆட்சி மேலிருந்து கீழ்நோக்கி இறங்கிற்று: முதலில் ஜில்லா, பின் தாலுக்கா, கடைசியில்தான் கிராமம். பிரெஞ்சு முறையிலோ சிற்றூர்க் கூட்டமே தொடக்கம். ஆங்கில முறையில் ஊரார் கையில் அதிகாரம் வர நெடுநாள் ஆயிற்று. பிரெஞ்சு முறையில் மன்றம் விரைவில் வந்தது, ஆனால் அதில் தமிழர் வாக்கின் எடை குறைத்து வைக்கப்பட்டது. இவ்விரண்டில் எது நன்று என்று கேட்டால், ஊரில் ஒரு மன்றம் இருப்பதையே நான் விரும்புவேன். குறையுள்ள மன்றத்தைத் திருத்திக் கொள்ளலாம். இல்லாத மன்றத்தை என் செய்வது?

அம்மன்றங்களின் வலிமை 1954-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் புதுச்சேரியின் எட்டுக் கொம்யூன்களும் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று அறிவித்தன. நெட்டப்பாக்கம் என்னும் நாட்டுப்புறக் கொம்யூனில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. எதுவார் குபேரைப் போன்று நெடுங்காலம் பிரெஞ்சுச் சார்பில் நின்ற தலைவர்களும் அணி மாறினர். அக்டோபர் 18-ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூர் என்னும் சிற்றூரில், நகரமன்ற உறுப்பினர்களும் பிரதிநிதித்துவ சபையினரும் கூடினர். வாக்களித்தவர் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகளும் எதிராக 8 வாக்குகளும் விழுந்தன. மூன்று லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களின் எதிர்காலத்தை, பெரும்பாலும் உழவர் ஊர்களிலிருந்து வந்த அந்த 178 பேர் ஓர் ஊர்ப்புறக் கொட்டகையில் முடிவு செய்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படி நிறைவேறியது.

இதன் பிறகு நடந்ததைக் கூறாமல் விடுவது முறையன்று. ஒரு நாட்டின் தலைவிதியையே எழுதிய கொம்யூன்களுக்குப் புதிய காலத்தில் என்ன நேர்ந்தது? 1968-இல் நகர மன்றத் தேர்தல் நடைபெற்றது. 1973-இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின்படி காரைக்கால் நகராட்சி ஆயிற்று. திருமலைராயன்பட்டினம், நிரவி, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி ஆகிய ஐந்தும் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆயின. பிரெஞ்சுச் சொல்லோடு வடசொல்லும் கலந்த அப்பெயரே இரண்டு வரலாறுகளை ஒன்றாய்ச் சுமக்கின்றது. ஆனால் அம்மன்றங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அடுத்தபடியாக 2006-இல்தான் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, படித்து, மணந்து, தம் பிள்ளைகளையும் பதிவேட்டில் எழுதி முடித்தது. தன் ஊர் மன்றத்துக்கு வாக்களிக்கும் நாளை அது காணவில்லை. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் மறுபடியும் தேர்தல் அறிவிக்கப்பட்டு, இட ஒதுக்கீடு பற்றிய வழக்கால் நின்றுபோயிற்று.

இது பிறர் வீட்டுக் கதை என்று ஓமலூர் மாணவர் எண்ண வேண்டா. நம் சேலம் மாவட்ட ஊராட்சிகளிலும் 2016-இல் பதவிக் காலம் முடிந்த பின் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரியில் முடியவே, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் விடப்பட்டன.

தேர்தல் தடைப்படுவதற்கும் மக்கள் தொகைக்கும் உள்ள உறவையும் கவனிக்க வேண்டும். வார்டுகளின் எல்லையும் அவற்றுள் யார் யாருக்கு எத்தனை இடம் என்பதும் மக்கள் தொகைக் கணக்கைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. கணக்குப் பழையதானால் வார்டும் பழையதாகி, வழக்குக்கு இடமாகின்றது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நோய்த்தொற்றுக் காலத்தில் தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அதனை நடத்துவதென 2025 ஜூன் மாதம் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. திருநள்ளாற்றிலும் தாரமங்கலத்திலும் கதவைத் தட்டிக் கேட்கப்படும் வினாக்கள் அன்று ஒன்றாகவே இருக்கும்.