பிள்ளை வெற்றிப் பொருளன்று, அமானிதம்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



தலாக்காலோ குலாவாலோ கணவன், மனைவி உறவு முறியலாம். தாய், தந்தை என்னும் உறவு முறிவதில்லை. ஆயினும், பிரிந்தவர்கள் பழி தீர்க்கும் கருவியாகப் பிள்ளையைப் பிடித்து வைப்பதைக் காண்கிறோம். பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ தீங்கிழைக்கக் கூடாது என அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் தடுக்கிறது.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் உம்ராவை முடித்து மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் பின்தொடர்ந்து வந்தாள். அவளை வளர்க்கும் உரிமையை அலீ (ரலி), ஜஅஃபர் (ரலி), ஸைத் (ரலி) ஆகிய மூவரும் கோரினர். சிறுமியின் தாயுடன் பிறந்தவர் ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவி. தாயின் சகோதரி தாயின் நிலையில் இருப்பவர் என்று கூறி, நபியவர்கள் அவரிடமே சிறுமியை ஒப்படைத்தார்கள். பின்னர் மூவரையும் தனித்தனியே புகழ்ந்து, எவர் மனமும் நோகாமல் காத்தார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. தீர்ப்பு பிள்ளையின் நலனுக்காக அமைந்தது. தோற்றவர் என்று எவரும் இழிவுபடுத்தப்படவில்லை.

சிறு வயதில் வளர்க்கும் உரிமையில் தாய்க்கே முதலிடம் என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் ஒன்றுபடுகின்றனர். அதன்பின், விவரம் அறிந்த பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது, பெண் பிள்ளைக்குப் பருவமடைதல் என எல்லை உண்டு. பிள்ளை தாயிடம் இருப்பினும் செலவு தந்தையின் கடமையே.

நம் நாட்டின் 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், பிள்ளைக்குரிய தனியார் சட்டத்துக்கு இசைய அதன் நலனையே நாடச் சொல்கிறது. 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கு வந்தது. தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்திருந்தார். வழக்கு முடியும்வரை பிள்ளைகள் தாய்வழி உறவினரிடமே இருக்கட்டும், தந்தை வந்து பார்க்கட்டும் என நீதிமன்றம் கூறியது.

எனவே பெரியோர்களே! பஞ்சாயத்தில் அமரும்போது, எவர் பக்கம் வலுவானது என்று கேளாதீர்கள். பிள்ளை எங்கே அச்சமின்றி உறங்கும், எங்கே படிப்பு தடைபடாது என்று கேளுங்கள். செங்கம் சாலையில் தாய்வீடும் வேற்றூரில் தந்தை வீடும் இருந்தால், பள்ளி நாட்கள் ஓரிடத்திலும் விடுமுறை நாட்கள் மற்றோரிடத்திலும் கழிய எழுத்தில் ஏற்பாடு செய்யுங்கள். தாயே, தந்தையைக் காணவிடாமல் தடுக்காதீர்! தந்தையே, செலவை நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்! ஒருவரைப் பற்றி மற்றவர் பிள்ளையிடம் பழித்துரையாதீர்!

அமானிதம் குறித்து நாளை மறுமையில் விசாரிக்கப்படுவோம். நம் பிள்ளைகளை நம் சினத்திலிருந்து அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.