வலி ஒரே நாளில் பறந்தால் சந்தேகப்படுங்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி சுமந்த கால்கள் அவை. ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டம் போய் தாமான் வந்தது. முட்டிவலி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அதற்கு நம் மூலிகைகள் உதவுமா என்பதே இன்றைய கேள்வி.

அடிபட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதே, அதற்குப் பெயர் அழற்சி. அது உடலின் தற்காப்பு. வேலை முடிந்ததும் அது அடங்க வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில் நீடித்தால் மூட்டும் இரத்தக் குழாயும் கெடுகின்றன. இன்னொன்று, ஆக்சிஜன் எரியும்போது உண்டாகும் 'ஃபிரீ ரேடிக்கல்' எனும் முரட்டு மூலக்கூறுகள். நறுக்கிய ஆப்பிள் காற்றுப்பட்டுக் கறுப்பதையும், எலுமிச்சைச் சாறு தடவினால் கறுக்காமல் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அப்படித் தடுக்கும் பொருள்தான் ஆன்டி ஆக்சிடண்ட்.

மஞ்சளில் குர்குமின், நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைட், வல்லாரையில் ஆசியாட்டிகோசைட் ஆகிய பொருள்கள் இருக்கின்றன. நிலவேம்பை மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள். வல்லாரையைப் பெகாகா என்று உலாமாகச் சாப்பிடுவார்கள். இவை அழற்சியைக் குறைப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் கண்ணாடிக் குழாயில் நடப்பதெல்லாம் மனித உடலில் நடந்துவிடாது.

மனிதரிடம் நன்றாகச் சோதிக்கப்பட்டது மஞ்சள். தாய்லாந்தில் 367 மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குத் தினமும் 1500 மில்லிகிராம் மஞ்சள் சத்து, மறு பிரிவுக்கு 1200 மில்லிகிராம் ஐபுரூஃபன். நான்கு வாரத்தில் இரு பிரிவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. வயிற்றுக் கோளாறு மஞ்சள் பிரிவில் குறைவு.

"அப்படியானால் குழம்பு மஞ்சள் போதுமே" என்பீர்கள். போதாது. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. ஒரு தேக்கரண்டி தூளில் சுமார் 100 மில்லிகிராம்தான் தேறும். அதையும் குடல் எளிதில் ஏற்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் இரத்தத்தில் அது 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். நம் ரசத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பது நல்ல சேர்க்கைதான். உணவாகச் சாப்பிடுங்கள், அதையே மருந்தளவு என்று நினைக்காதீர்கள்.

அதிகமானால் அமுதமும் நஞ்சு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது. முடிவு 1994-ல் வந்தது. அந்தப் பொருளும் ஆன்டி ஆக்சிடண்ட்தான். மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரித்தது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும், பித்தக்கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடக்கூடாது.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். இரவுச் சந்தையிலும் கைத்தொலைபேசி வழியும் "மூலிகை மூட்டுவலி மருந்து" விற்கிறார்கள். சாப்பிட்ட மறுநாளே வலி பறக்கிறது. மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அதற்கு வாரங்கள் ஆகும். அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது? நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது.

ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும். தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், தொற்று எளிதில் பிடிக்கும். அதோடு, உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோகும். அந்த நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் மயக்கமும் உயிராபத்தும் வரலாம். ஆகவே அப்படி ஏதாவது நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்த வேண்டாம். புட்டியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்கள்.

வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் 'மால்' பதிவெண் இருக்கும். எட்டு இலக்கத்துக்குப் பின் 'டி' என்ற ஆங்கில எழுத்து வரும். அந்த எண்ணை ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

கொல்லையில் வல்லாரை வையுங்கள், ரசத்தில் மிளகும் மஞ்சளும் போடுங்கள், எடையைக் குறைத்துத் தினமும் நடங்கள். இவற்றால் வலி மெல்லத்தான் குறையும். பெயரில்லாப் புட்டியை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.