அளந்து எழுதுவோம்

உண்ட உணவைக் கைப்பேசிச் செயலியில் குறித்து வைக்கும் வழக்கம் இன்று பரவி வருகிறது. நல்ல வழக்கந்தான். ஆயினும், நாம் எழுதும் அளவு பிழையானால், செயலி காட்டும் விடையும் பிழையே.

எட்டு ஆழாக்கு ஒரு படி என்று வரையறுத்தவர்கள் நம் முன்னோர். 'ஒரு கிண்ணம்', 'ஒரு கரண்டி' என்பனவோ வீட்டுக்கு வீடு வேறுபடுவன. ஆதலின் கிராமில் எழுதுவதே தக்கது.

அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வேகாத வெள்ளை அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. வேகும்போது அரிசி நீரை ஏற்று எடை பெருகுவதால், 100 கிராம் சோற்றில் இருப்பது ஏறத்தாழ 28 கிராமே. 200 கிராம் சோறு உண்டவர், செயலியில் 'அரிசி' என்பதைத் தேர்ந்துவிட்டால், 56 கிராம் மாவுச்சத்து 156 கிராமாகிவிடும்! மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு இது வெறும் எண்பிழையன்று. மருந்து மிகுந்து, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

எனவே, வெறுந்தட்டைச் சமையலறைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, பின்னர்ச் சோற்றைப் பரிமாறுங்கள். 'வெந்தது' என்ற குறிப்பைத் தேர்ந்து எழுதுங்கள். தாளித்த எண்ணெயையும் மறவாதீர்கள். 15 மில்லிலிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு.

சில நாள் இவ்வாறு பழகினால், உங்கள் வீட்டுக் கரண்டி கொள்ளும் அளவு உங்களுக்கே விளங்கிவிடும். தராசு இல்லாத விருந்திலும் அந்த அறிவு துணை நிற்கும்.