கையெழுத்து மட்டும் போதாது, கருத்தும் வேண்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், பிறகு மகளிர் திட்டம் மூலமாக மாநிலம் முழுக்கப் பரவின. சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை என்று வீட்டுக் கணக்கும் குழுக் கணக்கும் இன்றைக்கு நமக்கு அத்துப்படி. ஆனால் ஊர்க் கணக்கு? ஊராட்சிக்கு வர்ற பணத்துல எந்த வேலை முதல்ல நடக்கணும், எது பிறகு நடக்கணும் என்று முடிவாகிற இடத்தில் நாம் இருக்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

'நீடித்த வளர்ச்சி' என்று பயிற்சிகளில் கேட்டிருப்போம். பெரிய வார்த்தை என்று பயப்பட வேண்டாம். குழு நிதியில் முதலையே எடுத்துச் செலவழித்தால் அடுத்த வருஷம் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது இல்லையா? தண்ணீர், மண், மரம் எல்லாம் ஊருக்கு முதல் மாதிரி. அதை அழிக்காமல், நம்ம பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்து வாழ்வதுதான் நீடித்த வளர்ச்சி. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கூடியபோது, பெண்கள் பங்கு இல்லாமல் இது நடக்காது என்று எழுதியே வைத்தார்கள்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. கேரளாவில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், உள்ளாட்சியின் திட்ட நிதியில் 10 சதவீதம் பெண்களுக்கான பணிகளுக்கென்று ஒதுக்கும் முறையே வந்தது.

ஆனால் பல ஊர்களில் என்ன நடக்கிறது? கிராம சபைக்குக் குறைந்தபட்ச ஆள் கணக்கு உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வேண்டும். அந்தக் கணக்கை நிரப்பத்தான் "குழுப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். போகிறோம், உட்காருகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், வந்துவிடுகிறோம். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கு என்று கேட்பவர் குறைவு. இது பங்கேற்பு இல்லை சகோதரிகளே, தலை எண்ணிக்கை.

ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். தூர் வாரணும், சீமைக் கருவேலத்தை வெட்டணும் என்று திட்டம் வருகிறது. நல்ல திட்டம்தான். வரத்து வாய்க்காலும் மடையும் சரியானால் ஆயக்கட்டுக்காரர்களுக்கு நெல் விளையும். ஆனால் அந்தக் கண்மாய் அவர்களுக்கு மட்டுமா? நிலமில்லாத நம்ம சகோதரிகள் அந்த மரத்தை வெட்டித்தான் கரிமூட்டம் போடுகிறார்கள், அடுப்பு எரிக்கிறார்கள். ஆடு மேய்ப்பவருக்கு அதன் காய்தான் கோடையில் தீவனம். மண்பாண்டம் செய்பவருக்குக் களிமண் வேண்டும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் மீன் பிடிக்கத் தண்ணீரை வடித்துவிட்டால், சித்திரை வெயிலில் மாடு எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும்?

இத்தனை பேரையும் கேட்காமல் போட்ட திட்டத்தில் ஒருத்தருக்கு வாழ்வு, இன்னொருத்தருக்குப் பட்டினி. பாதிக்கப்பட்டவர் பிறகு அந்த வேலையைக் காப்பாற்றவும் வரமாட்டார். முதலிலேயே உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கும். மரத்தை ஒரேயடியாக வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டலாம். கரிமூட்டம் போடும் பெண்களுக்கு அந்த விறகில் பங்கு கேட்கலாம். வெட்டிய இடத்தில் ஆட்டுக்கும் ஆகிற நாட்டுக் கருவேலம் வைக்கலாம். மாட்டுக்கு இவ்வளவு தண்ணீர் நிற்கணும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதச் சொல்லலாம்.

இதற்கு நாம் செய்ய வேண்டியவை:

1. ஒரு வேலை என்றால் அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று முதலில் பட்டியல் போடுவோம். குழுவில் சேராதவர், முதியோர், மாற்றுத் திறனாளிகள், தனியாக வாழும் பெண்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.

2. அவர்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் காத்திருக்காமல், அவர்கள் தெருவுக்கு, அவர்களுக்குத் தோதான நேரத்தில் போவோம். கூலிக்குப் போகிறவரைக் காலை 11 மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்?

3. தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவோம். வீடு, குழாய், தெருவிளக்கு, கண்மாய் எல்லாவற்றையும் குறிப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் குச்சியால் தொட்டுக் காட்டி, "இங்கே தண்ணி வரலை" என்று சொல்லிவிடுவார். பேனா பிடிப்பவர் மட்டும் பேசுவது அங்கே நின்றுபோகும்.

4. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்கள் தயாரிக்கும் கிராமத் திட்டத்தில் இவற்றைச் சேர்ப்போம். குழுக்கள் தருவதை ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தொகுத்து கிராம சபையில் வைத்தால்தான், ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் அது ஏற வழி உண்டு.

5. தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுவோம். அடுத்த கிராம சபையில், "போன தடவை எழுதினது என்ன ஆச்சு?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்போம்.

கேட்டால் எல்லாம் கிடைத்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். நிதி குறைவு, அதிலும் 15-வது நிதிக்குழு மானியம் போல, ஒரு பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிடணும் என்ற நிபந்தனையோடு வந்ததும் உண்டு. அதனால்தான் எது அவசரம், எது பொறுக்கலாம் என்று நமக்குள்ளேயே பேசி வரிசைப்படுத்தணும். உள்கடன் கொடுக்கும்போது, "இந்த மாசம் அவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, முதல்ல அவளுக்கே குடுங்க" என்று விட்டுக்கொடுக்கிறோமே, அதே நியாயம்தான். ஊர்க் கூட்டத்திலும் அந்த நியாயத்தைப் பேச நம்மைவிடப் பழகியவர் யார் இருக்கிறார்கள்?

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவுக்கு வேண்டிய மூன்று வேலைகளையும், ஒவ்வொன்றிலும் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டமைப்பில் சேர்ந்து தொகுப்போம், சேர்ந்தே கிராம சபைக்குப் போவோம்.